முகமூடிக்காரர்களின் வேலையில்லாத் திண்டாட்டம்

கிரீன் லேன்டர்னைத் தெரியும்தானே? விரலில் ஒரு மோதிரம். மனதில் என்ன நினைக்கிறாரோ அது நடக்கும். மரத்திடம் மட்டும் அந்த மோதிரத்தின் பாச்சா பலிக்காது. எவனாவது உருட்டுக்கட்டையோடு வந்துவிட்டால் அண்ணன் கதை கந்தல். ஆனாலும் 1940-ல் அறிமுகமாகி, விறுவிறுவென்று வளர்ந்து, தன் பெயரிலேயே தனிப் பத்திரிகை கண்ட பெரிய ஆள். அவருக்குத் துணையாக 1948-ல் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். பெயர் ஸ்ட்ரீக். எழுதியவர் ராபர்ட் கனிகர், வரைந்தவர் அலெக்ஸ் டோத். இருவருமே லேசுப்பட்டவர்கள் இல்லை. நாய் என்ன செய்தது தெரியுமா? சில இதழ்களின் அட்டையையே பிடித்துக்கொண்டது! அடுத்த வருஷம், 1949 மே-ஜூன் இதழோடு, பத்திரிகையையே இழுத்து மூடிவிட்டார்கள்.

அவர் ஒருத்தர் மட்டுமா? மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷின் பத்திரிகை அதே வருஷம் பிப்ரவரியில் காலி. கிரீன் லேன்டர்ன் பிறந்த 'ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்' 1948-லேயே கௌபாய் பத்திரிகையாகிவிட்டது. ஹீரோக்கள் சங்கம் வைத்து வட்டமேஜை போட்டு உட்கார்ந்திருந்த 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்' 1951-ல் 'ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்' ஆனது. போன இதழ் வரை கேப் பறந்த பக்கங்களில் இப்போது குதிரைகள். இவர்களையெல்லாம் வெளியிட்ட டி.சி. கம்பெனியில் சொந்தப் பத்திரிகையோடு தப்பியவர்கள் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன், அவ்வளவுதான். அக்வாமேனும் கிரீன் ஆரோவும் அடுத்தவர் பத்திரிகையின் பின்பக்கங்களில் ஒண்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று காமிக்ஸ் ரசிகர்களைக் கேட்டால் உடனே ஒரு பெயர் சொல்வார்கள்: டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தம். காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தகம் எழுதிய மனநல மருத்துவர். மூக்குக்கண்ணாடி, கண்டிப்பான முகம் என்று வில்லனுக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருந்தது. ஆனால் கொஞ்சம் தேதியைப் பாருங்கள். அவர் புத்தகம் வந்தது 1954-ல். நம் முகமூடிக்காரர்கள் வேலையிழந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது! நிஜ வில்லன்கள் அச்சக பில், தபால் கட்டணம், வக்கீல் நோட்டீஸ், லாரி ஏஜென்ட் என்ற ரூபங்களில் ஆபீஸுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆபீஸுக்குள் போய் மேஜை டிராயரைத் திறந்தால் கிடைக்கிற சமாசாரம் இருக்கிறதே, கதைகளை விட ஜோர்!

முதலில் காமிக்ஸின் பொற்காலத்தை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். 1938-ல் கிளீவ்லாந்தின் இரண்டு இளைஞர்கள், ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும், சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், விலை 10 சென்ட், வெடி வெடித்தது. உடனே ஆளாளுக்கு ஒரு கேப், ஒரு முகமூடி. ஃபாசெட் கம்பெனியின் கேப்டன் மார்வெல் சூப்பர்மேனையே விற்பனையில் தூக்கிச் சாப்பிட்டார். 'ஷஸாம்' என்று ஒரு சொல் சொன்னால் சிறுவன் மாவீரன் ஆகிவிடுவான். எந்தப் பையன் வாங்க மாட்டான்? அவருடைய பத்திரிகை 1944-ல் மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் கதையின் பரம வில்லன் ஒரு புழு. கண்ணாடி போட்ட, பேசுகிற புழு. நான் விளையாடவில்லை, மிஸ்டர் மைண்ட் என்று பெயர்.

அப்புறம் போர். மார்ச் 1941 தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விட்டார். அமெரிக்கா அப்போது போருக்குள்ளேயே இறங்கவில்லை! ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் செய்த வேலை. முகாம்களில் சிப்பாய்கள் காமிக்ஸாக வாங்கித் தள்ளினார்கள். போர்க்கால ரேஷனில் காகிதத்துக்கு ஒதுக்கீடு இருந்ததால் புதுப் போட்டியாளர்கள் நினைத்தபடி நுழைய முடியவில்லை. அச்சடித்தால் விற்கும் என்ற நிலைமை.

1945-ல் போர் முடிந்தது, அதோடு மூன்று முட்டுகளும் ஒரே நேரத்தில் சரிந்தன. ஹிட்லர் போய்விட்டதால் அடி வாங்க ஆள் இல்லை. சிப்பாய் வீடு திரும்பி வேலை, கல்யாணம் என்று இறங்கிவிட்டார். காகிதக் கட்டுப்பாடு போனதும் பத்திரிகைக் கடைத் தட்டில் புதுப்புதுப் பெயர்கள் வந்து குவிந்தன. வந்தவை எல்லாம் என்ன? கொலை, கொள்ளை, கௌபாய், காதல்.

காதல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1947-ல் 'யங் ரொமான்ஸ்' என்று ஒரு பத்திரிகை வந்தது. கண்ணீரும் முத்தமுமாகக் காதல் கதைகள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதைச் செய்தவர்கள் யார் என்று ஊகியுங்கள். சைமனும் கிர்பியும்! ஹிட்லருக்குக் குத்து விட்ட அதே தூரிகை இப்போது முத்தக்காட்சி வரைகிறது. படைத்தவர்களே கடையை மாற்றிக்கொண்டு போன பிறகு கேப்டன் அமெரிக்கா என்ன செய்வார், பாவம்! 1949 அக்டோபரில் அவர் பத்திரிகையின் பெயரே 'கேப்டன் அமெரிக்காஸ் வியர்ட் டேல்ஸ்' என்று பேய்க்கதைப் பத்திரிகை போல ஆனது. அந்த இதழில் அவர் நரகத்துக்கே போய் ரெட் ஸ்கல்லோடு சண்டை போடுகிறார். அடுத்ததும் கடைசியுமான இதழில் அவர் தலையையே காணோம்.

இந்தப் பெயர் மாற்றும் கூத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஈ.சி. கம்பெனியின் 'மூன் கேர்ள்'. 1947-ல் அவள் ஒரு வீராங்கனை. 1949-ல் கொலைக்கதை சீசன் வந்ததும் பத்திரிகையின் பெயர் 'மூன் கேர்ள் ஃபைட்ஸ் க்ரைம்'. அதே வருஷம் காதல் அலை அடித்ததும், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், 'எ மூன், எ கேர்ள்... ரொமான்ஸ்'! நிலாவும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறாள், வீராங்கனையை மட்டும் நைசாகக் கழற்றிவிட்டார்கள். 1950-ல் அதே வரிசை எண்ணோடு அது 'வியர்ட் ஃபேன்டசி' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகை ஆனது. பதிமூன்றாம் இதழுக்குள் நாலு தொழில்.

புதிதாக ஒன்றாம் இதழ் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் இந்தப் பாடு? தபால் ஆபீஸ்தான் காரணம். புதுப் பத்திரிகை என்றால் சலுகைத் தபால் கட்டணத்துக்குப் புதிதாகப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். பழைய பெயரையே ஒட்டுப்போட்டு இழுத்தால் அந்தக் காசு மிச்சம். அதே தபால் சலுகைக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெறும் படக்கதை போதாது, ஒவ்வொரு இதழிலும் இரண்டு பக்கமாவது எழுத்துக்கதை இருக்க வேண்டும். பையன்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யாரும் படிக்காத அந்த இரண்டு பக்கத்தை எழுத யாரைக் கூப்பிடுவது? ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்த பையனைக் கூப்பிடு! 'கேப்டன் அமெரிக்கா' மூன்றாம் இதழில், 1941-ல், அப்படி ஒரு பையன் எழுதினான். கேப்டன் தன் கேடயத்தை வீசி எறிந்து எதிரியை வீழ்த்துவது முதன்முதலில் அந்தக் கதையில்தான் வருகிறது. பையன் பெயர் ஸ்டான் லீ.

சரி, வக்கீல் அறைக்கு வருவோம். கேப்டன் மார்வெல் எங்கள் சூப்பர்மேனின் நகல் என்று 1941-ல் டி.சி. தொடுத்த வழக்கு பன்னிரண்டு வருஷம் இழுத்தது. 1951-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ஃபாசெட்டுக்குப் பாதகமாகப் போனது. விற்பனையோ ஏற்கெனவே படுத்துவிட்டது. 1953-ல் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு ஃபாசெட் காமிக்ஸ் கடையைக் கட்டியது. இதில் மாட்டிக்கொண்டவர் லண்டன் பதிப்பாளர் ஒருவர். கேப்டன் மார்வெலை வாரம் தவறாமல் மறுபதிப்பு செய்து பிழைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று சரக்கு நின்றுவிட்டது. அவர் அசரவில்லை. 1954-ல் தலைமுடி நிறத்தையும் உடையையும் மாற்றி 'மார்வெல்மேன்' என்று தொடர்ந்து அச்சடித்தார்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் ருசியான இடம். மார்ட்டின் குட்மேனின் கம்பெனி (அப்போது அட்லஸ், பின்னாளில் மார்வெல்) 1953 கடைசியில் ஒரு துணிச்சல் செய்தது. 'யங் மென்' பத்திரிகையின் 24-ஆம் இதழில் பழைய மூவரையும் ஒரே நேரத்தில் களமிறக்கியது: ஹ்யூமன் டார்ச், சப்-மரினர், கேப்டன் அமெரிக்கா. டார்ச் எங்கே இருந்தாராம்? பாலைவனத்தில் புதைந்து கிடந்தாராம், அணுகுண்டு சோதனையில் உயிர் வந்துவிட்டதாம். கேப்டன் அமெரிக்கா பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டார். ரெட் ஸ்கல்? நாஜி கட்சியை விட்டுவிட்டுக் கம்யூனிஸ்டுகளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்! கேப்டனை வரைந்தவர் இளைஞர் ஜான் ரொமிட்டா. பிற்காலத்தில் ஸ்பைடர்மேனை வரையப்போகிறவர். 1954-ல் கேப்டனுக்குத் தனிப் பத்திரிகையும் திரும்பி வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவர்' என்ற பட்டம்.

மூன்றே இதழ். மூடு.

ஏன்? ஹிட்லருக்கு முகம் இருந்தது, மீசை இருந்தது, குத்து விழுந்தால் கடைக்கு வரும் சிறுவன் சிரித்தான். கம்யூனிஸ்ட் என்றால் யார் என்று பத்து வயசுப் பையனுக்கு என்ன தெரியும்? கொரியப் போர் 1953 ஜூலையில் நின்றுவிட்டது. 1954 கோடையில் செனட்டர் மெக்கார்த்தி டி.வி. நேரலையில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். சிவப்பு வேட்டை சலித்துப்போன நேரம் பார்த்துக் கேப்டன் வந்து நின்றார். அதே 1954-ல் சைமனும் கிர்பியும் 'ஃபைட்டிங் அமெரிக்கன்' என்று போட்டிக்கு ஒருவரை இறக்கினார்கள். இந்தக் கோமாளித்தனம் தேறாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே உறைத்துவிட்டது. கதையை அப்படியே நையாண்டியாக்கி, பாய்சன் ஐவன், ஹாட்ஸ்கி ட்ராட்ஸ்கி என்று வில்லன்களுக்குப் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். அதுவும் ஏழு இதழோடு நின்றது. ப்ளூ பீட்டில், ஃபேன்டம் லேடி என்று சின்னக் கம்பெனிகள் ஆளுக்கொன்றைத் தூசி தட்டி விட்டுப் பார்த்தன. ஒன்றும் நிற்கவில்லை. பழைய உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டினால் போதும், கூட்டம் வரும் என்று எல்லோருமே நம்பியதுதான் தப்பு என்பேன்.

இதற்கு நடுவில்தான் நம் வெர்தம் ஐயா வருகிறார். 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் காமிக்ஸ் பற்றிச் செனட் குழு விசாரணை. ஈ.சி. அதிபர் பில் கெய்ன்ஸ், வெட்டுண்ட பெண் தலை அட்டையில் தொங்கும் தன் இதழைக் காட்டிக் கேட்டபோது, பயங்கரக் கதைப் பத்திரிகைக்கு இது நயமான அட்டைதான் என்று வாதாடினார். மறுநாள் மானம் கப்பலேறியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அக்டோபரில் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை வைத்துக்கொண்டார்கள். தலைவர் சார்லஸ் மர்ஃபி, ஒரு நீதிபதி. தலைப்பில் 'ஹாரர்' கூடாது, பேய் கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது. அவர்கள் அடித்த கூத்துக்கு ஒரு சாம்பிள்: 1956-ல் கெய்ன்ஸ் மறுபதிப்புக்குக் கொடுத்த ஒரு கதையின் கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர், நெற்றியில் வியர்வைத் துளிகள். இனவெறியைக் கண்டிக்கும் கதைக்கு அந்த முகம்தான் உயிர். அவரைக் கறுப்பராகக் காட்டாதே என்றது தணிக்கை. கெய்ன்ஸும் எடிட்டர் ஃபெல்ட்ஸ்டைனும் போனிலேயே எரிந்து விழுந்து, ஒரு கோடு மாற்றாமல் அச்சிட்டார்கள். ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அது.

ஆனால் முகமூடிக்காரர்கள் கணக்கில் பார்த்தால், தணிக்கை அவர்களுக்கு ஒரு வகையில் உதவியே செய்தது. அவர்கள் இடத்தைப் பறித்த கொலைக்கதையும் பேய்க்கதையும் தட்டிலிருந்து போய்விட்டன. காலி இடம் காத்துக்கிடந்தது. அப்படியும் வர முடியவில்லையே, ஏன்? லாரிக்காரரைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் அன்றைக்குக் காமிக்ஸ் விற்ற விதம் நம் வாரப் பத்திரிகை ஏஜென்டுகளுக்கு நன்றாகப் புரியும். கட்டுக்கட்டாகக் கடைக்கு வரும். விற்றது போக மிச்சம் ரிட்டர்ன். முழுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினால் லாரி வாடகைக்கே கட்டாது என்பதால் அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து அனுப்பினால் போதும், காசு வரவில். 10 சென்ட் புத்தகத்தில் கடைக்காரருக்குக் கிடைப்பது சில்லறை. பக்கத்திலேயே இருக்கும் 'லைஃப்' பத்திரிகையை விற்றால் அதைவிட அதிகம். அவர் எதற்குக் காமிக்ஸ் கட்டைப் பிரித்து அடுக்கப்போகிறார்? பிரிக்காமலே திருப்பி அனுப்பிய கட்டுகள் ஏராளம். விலையை ஏற்றவும் பதிப்பாளர்களுக்குத் தைரியம் இல்லை. 1938-ல் வைத்த 10 சென்டை 1961 வரை பிடித்துக்கொண்டு, பக்கங்களை மட்டும் பாதியாகக் குறைத்தார்கள். வீட்டிலோ டி.வி. வந்துவிட்டது. 1950-ல் பத்தில் ஒரு அமெரிக்க வீட்டில்கூட டி.வி. இல்லை; 1960-ல் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல். அதில் சூப்பர்மேன் இலவசமாகவே பறந்தார்.

இந்த லட்சணத்தில் குட்மேன் ஒரு காரியம் செய்தார். தன் சொந்த விநியோக நிறுவனத்தை மூடிவிட்டு, நாட்டிலேயே பெரிதான அமெரிக்கன் நியூஸ் கம்பெனியிடம் பத்திரிகைகளை ஒப்படைத்தார். 1957-ல் அந்த மலை சாய்ந்தது. நாடு தழுவிய விநியோகத்தையே அது கைவிட்டது. அச்சடிக்க ஆள் இருக்கிறது, கடைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்தார்கள். குட்மேன் கடைசியில் போய்க் கதவைத் தட்டிய இடம் இன்டிபென்டன்ட் நியூஸ். அதன் முதலாளிகள் யார்? சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடுகிற அதே டி.சி. ஆட்கள்! பரம எதிரியின் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரி சிரித்துக்கொண்டே நிபந்தனை போட்டார்: மாதம் எட்டு இதழுக்கு மேல் கிடையாது. குட்மேன் அந்த எட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பதினாறு தலைப்புகளாக்கி, 'மில்லி தி மாடல்', 'கிட் கோல்ட்' என்று நிச்சயமாக விற்பவற்றால் நிரப்பினார். அதில் முகமூடிக்கு ஏது சீட்டு?

அதற்குள் டி.சி. ஆபீஸில் ஒரு குட்டிக் கலாட்டா நடந்திருந்தது. புதுக் கதைகளைச் சோதித்துப் பார்க்க 'ஷோகேஸ்' என்று ஒரு பத்திரிகை. முதல் இதழ் தீயணைப்பு வீரர்கள், இரண்டாவது காட்டு விலங்குகள், மூன்றாவது கடலடி வீரர்கள். நாலாவதுக்கு என்ன செய்வது? ஃப்ளாஷை மறுபடி விட்டுப் பார்க்கலாம் என்றார்கள். எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் கணக்கு இதுதான்: காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள், பழைய ஃப்ளாஷ் இவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை, உடையை, கதையை எல்லாம் புதிதாக்கினார். 1956 அக்டோபர் இதழில் கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த புது ஃப்ளாஷ் அட்டையில் ஒரு ஃபிலிம் சுருளைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறார். போலீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பேரி ஆலன், இடைவேளையில் என்ன படிக்கிறார் தெரியுமா? பழைய ஃப்ளாஷ் காமிக்ஸ்! அவரது உடுப்பு மோதிரத்துக்குள்ளிருந்து புஸ்ஸென்று வெளியே வரும். பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

விற்றது. உடனே தனிப் பத்திரிகையா? அதுதான் இல்லை. ரிட்டர்ன் கணக்கு முழுசாக வந்து சேரவே மாதக்கணக்காகும். எட்டு மாதம் கழித்து இன்னொரு சோதனை. அப்புறம் 1958-ல் இரண்டு. கடைசியில் 1959 தொடக்கத்தில் 'தி ஃப்ளாஷ்' வந்தபோது அட்டையில் போட்ட எண் 105. பத்து வருஷத்துக்கு முன் நின்ற 104-இன் தொடர்ச்சியாம்! ஒன்றாம் எண் போட்டால், புதுசு என்று கடைக்காரர் வாங்கி வைக்க மாட்டார் என்ற பயம். இன்றைக்கு ஒன்றாம் எண்ணுக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

ஷ்வார்ட்ஸ் போட்ட வழியில் கிரீன் லேன்டர்ன் வந்தார், நாய் இல்லாமல். சங்கம் திரும்பியது. அதன் விற்பனையைப் பார்த்த குட்மேன், நமக்கும் ஒரு கோஷ்டி வேண்டும் என்றார். 1961-ல் ஸ்டான் லீயும் கிர்பியும் கொடுத்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழைப் பாருங்கள்: அட்டையில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு ராட்சசன், நால்வருக்கும் சாதா உடை. பார்ப்பவன் ராட்சசக் கதை என்றுதான் நினைப்பான். சீருடை மூன்றாம் இதழில்தான் வந்தது. புது ஹீரோக்களும் அந்த எட்டு சீட்டுக்குள்தான் இடம் பிடிக்க வேண்டும். ஹல்க் ஆறு இதழோடு இறக்கிவிடப்பட்டார். பிறகு ஒரே பத்திரிகையில் பாதி அயர்ன்மேனுக்கு, பாதி கேப்டன் அமெரிக்காவுக்கு என்று ஒண்டுக்குடித்தனம். 1968-ல் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஒவ்வொருவரும் தனிப் பத்திரிகையோடு குதித்து வெளியே வந்தார்கள்.

அப்படியும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. 1966-ல் பேட்மேன் டி.வி. தொடர் நாட்டையே பைத்தியமாக அடித்தபோது 'பேட்மேன்' பத்திரிகை இதழுக்குச் சராசரியாக 9 லட்சம் பிரதியை நெருங்கியது. கேப்டன் மார்வெல் தன் உச்சத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியவர். தொடர் நின்றதும் அந்த 9 லட்சமும் சரிந்தது.

சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்ற சீகல் அந்த அறுபதுகளில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? உரிமைக்காக டி.சி.யோடு மல்லுக்கட்டி அங்கே எழுதும் வாய்ப்பையும் இழந்து, பிரிட்டனின் 'லயன்' வார இதழுக்கு ஒரு குற்றச் சக்கரவர்த்தியின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். கூரிய காது, முதுகில் ஜெட் பை, வலை வீசும் துப்பாக்கி. ஆமாம் சார், நம் லயன் காமிக்ஸ் ஸ்பைடரேதான்! அமெரிக்கச் சிறுவர்கள் அதிகம் அறியாத அந்த ஆளுக்குத்தான் சிவகாசியில் அச்சான தமிழ் காமிக்ஸில் ராஜ மரியாதை.

இன்னொன்று விட்டுப்போச்சே. 1964-ல் கேப்டன் அமெரிக்காவைக் கடலில் மிதந்த பனிக்கட்டியிலிருந்து எடுத்தார்கள் இல்லையா? போர் முடிவதற்குள்ளேயே உறைந்துபோனவர் என்று கதை சொன்னார்கள். அப்படியானால் 1954-ல் கம்யூனிஸ்டுகளை நொறுக்கியது யார்? எட்டு வருஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. 1972-ல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் ஒரு கதை எழுதினார். அது வேறு ஆளாம். கேப்டன் மீது வெறிபிடித்த ஒரு ரசிகன், முகத்தை அறுவை சிகிச்சையில் மாற்றிக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, அரைகுறை மருந்தை ஏற்றிக்கொண்டு, மூளை குழம்பிப் பார்க்கிறவனையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று அடித்தானாம். அரசாங்கமே பிடித்து உறைய வைத்துவிட்டதாம். இப்போது விழித்துக்கொண்டு நிஜக் கேப்டனோடு சண்டைக்கு வருகிறான். விற்காமல் போன அந்த மூன்று இதழ்களும் இப்படியாக ஒரு வில்லனாகி, இந்தத் தடவை நன்றாகவே உதை வாங்கின.